தகரம் அடித்த வேலி

காலை எட்டு மணி தாண்டி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுதாஜினியின் காதுக்குள் ஒருவன் அலறினான்.

"மிஸ், ஓட்டோ பிரண்டு போச்சு! மனுசி அடியில கிடக்கிறா! ஐயோ, ஒரே ரத்தம் மிஸ்!"

"ஐயா, ஒருக்கா மூச்சை நல்லா இழுத்து விடுங்கோ. ஆருக்குக் காயம்? அதை முதல்ல சொல்லுங்கோ. அம்புலன்சுக்கு அடிச்சிட்டீங்களோ?"

இதுதான் அவளுடைய வேலை. கொழும்பில் இருக்கும் ஒரு வாகனக் காப்புறுதிக் கம்பனியின் விபத்து இலக்கத்துக்குத் தமிழில் வருகிற அழைப்புகளை, வவுனியா நெளுக்குளத்தில் தன் வீட்டு விறாந்தையை மறித்துக் கட்டிய சிறிய அறைக்குள் இருந்து எடுப்பவள். மன்னாரில் லொறி மாட்டில் ஏறினாலும், மட்டக்களப்பில் பஸ் மதிலை இடித்தாலும், மாங்குளத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் முட்டிக்கொண்டாலும் அலறல் முதலில் வந்து விழுவது இவளுடைய காதில்தான். கம்பனி கொடுத்த தாளில் முதல் கேள்வி, யாருக்காவது காயமா என்பது. வாகன இலக்கம் இரண்டாவது. ஐந்து வருடத்தில் அந்த ஒழுங்கை அவள் ஒருநாளும் மாற்றியதில்லை.

அழைக்கிறவர்களில் பாதிப் பேர் அழுவார்கள். மீதிப் பேர் தூசணத்தால் பேசுவார்கள். ஒருவன் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே, தன் வான் வண்டியை இடித்தவனைப் போட்டு மிதித்தான். விலா எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த விறகை முழங்காலில் வைத்து உடைக்கிற சத்தம்தான் என்று அன்றைக்கு அவள் தெரிந்துகொண்டாள். இத்தனையையும் கேட்டுவிட்டு, பன்னிரண்டரைக்கு எழுந்துபோய் முருங்கைக்காய்க் குழம்போடு சோறு தின்ன ஒரு மனுசியால் எப்படி முடிகிறது என்று கேட்பீர்கள். முடிந்தது. அதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாயிரத்து இருபதில் ஊரடங்கு போட்டபோதுதான் கம்பனி கணினியை வீட்டுக்கு அனுப்பியது. அது சாப்பாட்டு மேசையில் ஏறி உட்கார்ந்தது. சுதாஜினி விடிந்ததும் முகம் கழுவாமல் அதற்கு முன்னால் இருந்தாள். சோறும் அங்கேதான், தேநீரும் அங்கேதான். ஆறு மாதத்தில் பதினொரு கிலோ ஏறியது. கழுத்தைத் திருப்பினால் பின்மண்டையில் மின்னல் அடித்தது. கண் எரிந்தது. எல்லாவற்றையும்விட மோசம், காதுக்குள் கேட்ட அடிதடியெல்லாம் கைக்கு இறங்கி வந்ததுதான். அவளுடைய கணவன் சிவகரன் முல்லைத்தீவில் அரசாங்க வாகனச் சாரதி. சனி ஞாயிறில்தான் வீட்டுக்கு வருவான். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு குழைந்துபோச்சு என்று ஒரே ஒரு சொல் சொன்னான். அவள் அடுப்பில் கொதித்த பருப்புச் சட்டியைத் தூக்கி அவன்மேல் எறிந்தாள். அவன் தோளில் தோல் கழன்று தொங்கியது. அந்தத் தழும்பு இன்றைக்கும் உண்டு. எறிந்த பிறகும் அவளுக்குக் கோபம் அடங்கவில்லை என்பதுதான் அவளைப் பயப்படுத்தியது.

சிவகரனின் தோளுக்கு மருந்து கட்டிய டொக்டர் காயத்தையும் பார்த்தார், இவளையும் பார்த்தார்.

"பிள்ளை, உமக்கு வேலை எங்கை முடியுது, வீடு எங்கை தொடங்குது எண்டு தெரியேல்லை. ரெண்டையும் பிரிச்சு வையும். இல்லாட்டி ரெண்டில ஒண்டை உடைச்சுப்போடுவீர்" என்றார்.

சுதாஜினி ஒன்றைப் பிடித்தால் குரங்குப்பிடி. அன்றைக்கே ஓர் அட்டையில் நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஐந்தரைக்குக் குளக்கட்டில் நடை. எட்டுக்குக் கதிரையில் இருந்தால், ஐம்பது நிமிடத்துக்கு ஒருதரம் எழும்பி நிற்க வேண்டும். பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல். மேசைக்கு நான்கு சீமெந்துக் கல் வைத்து உயர்த்திக் கண்மட்டத்துக்குத் திரையைக் கொண்டுவந்தாள். அடிக்கடி யன்னலால் தூரத்தில் உள்ள எதையாவது பார்க்க வேண்டும், கண்ணுக்கு நல்லது. அவள் பார்த்தது அடுத்த வீட்டு வளவில் நின்ற வேப்பமரத்தை. சரியாக மாலை ஐந்துக்குக் கணினியை அணைத்து, பழைய சேலை ஒன்றால் மூடிவிடுவாள். ஐந்து மணிக்குப் பிறகு அந்த அறைக்குள் சிவகரனுக்குக்கூட இடமில்லை.

ஒரு வருடத்தில் ஏறிய கிலோவெல்லாம் இறங்கியது. கழுத்து திரும்பியது. கை அடங்கியது. அவளுடைய அழைப்புகளைக் கேட்டுப் புள்ளி போடுகிற தர மேற்பார்வையாளர் றொமேஸ், தமிழ்ப் பிரிவில் இவளைப்போல் ஒரு குரல் இல்லை என்று மற்றவர்களுக்கு எழுதினார். அவள் அதை அச்சடித்து அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்தாள். பெருமைப்படத்தான் வேண்டும், உருக்குலைந்து போன உடம்பைத் தன் கையாலேயே நிமிர்த்தியவள் அவள்.

இனி அடுத்த வளவுக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல வருகிறது.

அந்த வளவில் இருந்தவர்கள் சுமனும் சுமித்திராவும், மூன்று வயதுப் பெண்குழந்தையும். சுமன் பெக்கோ என்கிற மண் தோண்டும் மெசின் ஓட்டுபவன். வாய்க்கால் வெட்டவும் கிணற்று மண் அள்ளவும் ஊரெல்லாம் அவனைத்தான் தேடும். மெசினால் முட்டையைக்கூட உடையாமல் எடுத்து வைப்பான் என்பார்கள். சுதாஜினியின் முற்றத்தை ஒருமுறை சதம் வாங்காமல் நிரவிக் கொடுத்தவன். அதே கை வீட்டுக்குள் போனால் சுமித்திராவின் தலைமயிரைச் சுற்றிப் பிடிக்கும். முதலாளி பெக்கோவை வேறொருவனிடம் கொடுத்த பிறகு, காலையிலேயே கசிப்புக் குடிக்கத் தொடங்கினான். சுமித்திராவும் வாய் செத்தவள் அல்ல. அவன் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். அதற்காக ஒருத்தியின் முகத்தைக் கிணற்றுக்கட்டில் வைத்துத் தேய்க்கலாமா?

எங்கள் பக்கத்து வேலிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எவ்வளவு இறுக்கமாக வேலி அடைத்தாலும், இரண்டு வளவுக்கும் நடுவில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஓரிடத்தில் தென்னோலைக் கிடுகு அடைக்காமல் விட்டுவைப்பார்கள். அதற்குப் பொட்டு என்று பெயர். தேங்காய்ப்பாதியும் கறிவேப்பிலையும், ஊர்க்கதையும் போய்வருவது அதனால்தான். பெண்களுக்குப் படலையால், அதாவது தெருவாசல் கதவால், போவது ஒழுங்கையில் நாலு பேர் பார்க்கப் போவது. பொட்டால் போவது தன் வீட்டுக்குள் நடப்பது. பொட்டை அடைத்தால் இரண்டு குடும்பமும் வெட்டுக்குத்தில் நிற்கிறது என்று அர்த்தம். சண்டையில்லாமல் பொட்டை அடைத்தவர்கள் நெளுக்குளத்தில் அதுவரை இருக்கவில்லை.

சுமித்திரா அடி விழும்போதெல்லாம் அந்தப் பொட்டுக்குத்தான் ஓடிவருவாள். முதலில் பிள்ளையைத் தள்ளிவிடுவாள், பிறகு தான் நுழைவாள். குடித்தவனுக்குக் குனிந்து நுழைய வராது. மறுபக்கத்தில் நின்று கத்திவிட்டுப் போய்விடுவான். இவள் சுதாஜினியின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, சத்தம் அடங்கியதும் திரும்பிப் போவாள். அப்படி எத்தனை தரம் என்று அவர்கள் இருவரும் எண்ணியதில்லை.

சுதாஜினியின் பிரச்சினை சத்தம். கம்பனி எல்லா அழைப்பையும் பதிவு செய்யும். பின்னால் வீட்டுச் சத்தம் கேட்டால் புள்ளி வெட்டு; மூன்று எச்சரிக்கை வந்தால் வீட்டில் இருந்து வேலை செய்வது நின்றுபோகும், கொழும்புக்குப் போய் இருக்க வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். ஒருநாள் திருகோணமலையில் கார் ஓடையில் விழுந்த மனிதன் ஒருவன் தன் கதையை நிறுத்திவிட்டு, "தங்கச்சி, உங்கை ஆரையோ கொல்லுறாங்கள் போல கிடக்கு" என்றான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா, அது வெளிச் சத்தம். உங்கட வாகன இலக்கத்தைச் சொல்லுங்கோ" என்றாள் சுதாஜினி.

அது முதல் எச்சரிக்கை. இரண்டாவது, சுமித்திரா பிள்ளையோடு நேராக வேலை அறைக்குள்ளேயே விழுந்தடித்து வந்த நாள். கீழுதடு கிழிந்து இரண்டாய்த் தொங்கியது. "அக்கா, கதவைப் பூட்டுங்கோ!" என்று அவள் கத்தியது பதிவில் அப்படியே விழுந்தது. பின்னேரம் றொமேஸ் எடுத்து, "சுதாஜினி, இன்னுமொண்டு வந்தா என்னால ஒண்டும் செய்யேலாது. வீட்டைச் சரிப்படுத்துங்கோ" என்றார்.

சுதாஜினி வீட்டைச் சரிப்படுத்தினாள். அடுத்த சனிக்கிழமை சிவகரன் பதினாறு தகரம் இறக்கினான். வேலி முழுக்க ஆளுயரத் தகரம். தூண் நட வெட்டிய குழிக்கெல்லாம் மண் அள்ளிப் போட்டுத் தந்தவன் யார் தெரியுமா? சுமன்தான். அன்றைக்குக் குடிக்கவில்லை. சேர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு கடப்பாரை போன்ற அலவாங்கால் மண்ணை இடித்து இறுக்கினான். பொட்டு இருந்த இடத்தில் தானே பிடித்துக் கொடுத்து ஆணி அறைய வைத்தான்.

"நல்ல வேலை அண்ணை. இனி உங்களுக்கும் கரைச்சல் இல்லை, எங்களுக்கும் கரைச்சல் இல்லை" என்று சிரித்தான். சுதாஜினி அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

சுமித்திராவிடம் அவள் முதல்நாளே சொல்லித்தான் செய்தாள். "கோவிக்காத தங்கச்சி. எனக்கு உன்னோட ஒண்டுமில்லை. வேலை போயிடும். எப்ப வேணுமெண்டாலும் நீ படலையால வா. வேலை நேரத்தில மட்டும் வேண்டாம்."

சுமித்திரா தைத்த உதட்டை அசைக்காமல் கேட்டாள். "எத்தினை மணிக்கு அக்கா உங்கட வேலை முடியிறது?"

"அஞ்சுக்கு."

"சரி அக்கா. விளங்குது."

தகரம் அடித்தபின் நெளுக்குளத்தில் இவளைப்போல் நிம்மதியாக வேலை செய்தவர்கள் எவரும் இல்லை. சத்தத்தை வெட்டுகிற புது ஹெட்செட்டும் கம்பனி அனுப்பியிருந்தது. அதைக் காதில் மாட்டினால் விபத்துக்காரரின் அலறல் மட்டும்தான் உலகத்தில் இருக்கும். எழும்பி நிற்கிற இடைவேளையில் அதைக் கழற்றினால் சிலநாள் தகரம் தடதடவென்று அடிபடும். ஆடு முட்டுகிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சுமித்திரா வீட்டில் ஆடு இல்லை. அது சுதாஜினிக்கு நன்றாகத் தெரியும்.

மாலைகளில் சுமித்திரா படலையடியில் வந்து நிற்பாள். எப்போதும் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குத்தான். கன்னம் வீங்கியிருக்கும், அல்லது கையைத் தாங்கிப் பிடித்திருப்பாள். "விழுந்திட்டன் அக்கா, கொஞ்சம் ஐஸ் இருக்கோ?" என்பாள். சுதாஜினி ஐஸும் தேநீரும் கொடுத்து, பொலிசுக்குப் போவோம் என்பாள். அவள் தலையாட்டி மறுத்துவிட்டுப் போவாள். அவள் நேரம் தவறாமல் வருவதில் சுதாஜினிக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. சொன்ன சொல்லைக் கேட்கிற பிள்ளை என்று சிவகரனிடம்கூடச் சொன்னாள்.

தகரம் அடித்து இரண்டரை மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு, வீட்டிலிருந்து வேலை செய்கிற தமிழ்ப் பிரிவுக்காரர் எல்லோருக்கும் சுதாஜினி பேச வேண்டும் என்று றொமேஸ் ஏற்பாடு செய்தார். உடம்பும் கெடாமல் வேலையும் கெடாமல் இருப்பது எப்படி என்பது தலைப்பு. அவள் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி உட்கார்ந்தாள். திரையில் முப்பத்தெட்டு முகம். முதுகை நிமிர்த்துவது, தண்ணீர் குடிப்பது, நடப்பது எல்லாம் சொல்லி நாலாவதுக்கு வந்தாள்.

"நாலாவது, எல்லை. வீட்டுச் சோலி வேலைக்குள்ள வரக்கூடாது. நான் என்ன செய்தனான் தெரியுமோ? பக்கத்து வளவுச் சத்தம் தாங்கேலாமல் வேலி முழுக்கத் தகரம் அடிச்சனான். அண்டையில இருந்து என்ர புள்ளி குறையவேயில்லை."

திரையில் சிலர் கைதட்டுவது தெரிந்தது. கண்ணுக்கு இளைப்பாற அவள் வழக்கம்போல யன்னலால் வேப்பமரத்தைப் பார்த்தாள். பார்வை மரத்துக்குப் போகவில்லை. பொட்டு இருந்த இடத்துத் தகரம் இந்தப் பக்கமாக வீங்கியது. திரும்ப உள்ளே போனது. மறுபடி வீங்கியது. ஹெட்செட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. யாரோ ஒருவரின் உடம்பை அந்தத் தகரத்தில் தூக்கி அடிப்பது, ஊமைப்படம் போல அவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

மறைக்காமல் சொல்கிறேன், அவள் உடனே எழும்பவில்லை. ஐந்தாவது குறிப்பை வாசித்தாள். ஆறாவதைத் தொடங்கினாள். குரல்கூட நடுங்கவில்லை, ஐந்து வருடமாக நடுங்காமல் பழக்கிய குரல் அது. தகரத்தின் அடிவிளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவில் நான்கு சின்ன விரல்கள் வந்தன. மண்ணைக் கிண்டின. பிறகு ஆளுயரத்துக்குச் சற்றுக் கீழே, காட்டுக்கத்தி ஒன்றின் நுனி தகரத்தைக் கிழித்துக்கொண்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

சுதாஜினி ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். அந்த நொடியே எல்லாச் சத்தமும் ஒன்றாக அவள்மேல் வந்து விழுந்தது. "அக்கா! அக்கா!" என்று சுமித்திரா கத்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கத்தினாளோ, தொண்டை கிழிந்து குரல் ஆண்குரலாகிப் போயிருந்தது.

கிணற்றடியில் சாத்தியிருந்த அலவாங்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். தகரத்துக்கும் தூணுக்கும் நடுவில் குத்தி நெம்பினாள். சுமன் பிடித்துக் கொடுத்து அறைந்த ஆணி, லேசில் வரவில்லை. தன் முழுப்பாரத்தையும் போட்டுத் தொங்கினாள். தகரம் கிறீச்சிட்டுக் கிழிந்து ஒரு முழம் விலகியது. அதற்குள்ளால் முதலில் பிள்ளைதான் வந்தது. எந்த நிலையிலும் சுமித்திரா அந்த ஒழுங்கை மாற்றவில்லை. சுதாஜினி பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினாள்.

பிறகு சுமித்திரா தலையை நுழைத்தாள். தகரத்தின் கிழிந்த விளிம்பை வலது கையால் பிடித்தாள், அது அவள் உள்ளங்கையை எலும்புவரை பிளந்தது. அவள் கையை விடவில்லை. பின்னால் சுமன் அவள் கூந்தலைப் பிடித்திழுத்து, குனிந்திருந்த தோளில் கத்தியை இறக்கினான். ஒருதரம். இரண்டாம் தரம். இரத்தம் தகரத்தில் விசிறி அடித்தது.

"விடடா! விடடா நாயே!"

சுதாஜினி அலவாங்கை அந்த இடைவெளியால் ஓங்கிக் குத்தினாள். அது கத்தி பிடித்திருந்த அவன் முன்கையில் விழுந்தது. காய்ந்த விறகு உடைகிற சத்தம். அவளுக்கு நன்றாகப் பழகிய சத்தம், ஆனால் கைவழியாகக் கேட்டது அன்றைக்குத்தான். கத்தி விழுந்தது. அவன் ஊளையிட்டபடி முழங்காலில் சரிந்தான். சுமித்திரா இந்தப் பக்கம் வந்து விழுந்தாள். சுதாஜினி தகரத்தை உதைத்துத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய், கிடந்தவனின் காலில் அடித்தாள். இன்னொருதரம் அடித்தாள். பருப்புச் சட்டி எறிந்த அதே கோபம்தான், அவ்வளவு காலமும் எங்கும் போகாமல் உள்ளே இருந்திருக்கிறது. மூன்றாம் தரம் தலைக்கு நேரே ஓங்கியபோது, "அப்பாவை அடிக்காதைங்கோ அன்ரி" என்று பிள்ளை வீரிட்டது. அலவாங்கு அந்தரத்தில் நின்றது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்கைச் சனம் வந்தது. எதிர்வீட்டு மீனம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது பிள்ளை. நீ கிட்ட இருக்கிறாய், பாப்பாய்தானே எண்டு நினைச்சம்" என்றாள். சுதாஜினி அலவாங்கைக் கீழே போட்டுவிட்டுச் சுமித்திராவிடம் ஓடினாள்.

சுமனைப் பொலிஸ் காவலோடு கொண்டுபோனார்கள். சுமித்திராவை ஓட்டோவில் மடியில் போட்டு வவுனியா ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது சுதாஜினி. தோளில் இருபத்திரண்டு தையல், உள்ளங்கையில் ஒன்பது. நரம்பு வெட்டுப்பட்டு விட்டது, அந்தக் கையின் இரண்டு விரல் இனி மடங்காது என்றார்கள். கத்தியால் அல்ல, தகரத்தால்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆசுப்பத்திரி வாட்டு வாசலில் நின்றபோது றொமேஸ் எடுத்தார்.

"சுதாஜினி, என்ன இது? முப்பத்தெட்டுப் பேரை விட்டிட்டு இடையில எழும்பிப் போயிட்டீங்கள். மேலிடத்தில இருந்தும் ஆக்கள் பாத்துக்கொண்டு இருந்தவை. லைன் பிரச்சினையோ, கறண்ட் பிரச்சினையோ, எண்டாலும் ஒரு சொல்லு..."

"சேர், முதல் கேள்வி அதில்லை."

"என்ன?"

"ஆருக்கும் காயமோ எண்டு நீங்கள் இன்னும் கேக்கேல்லை சேர்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. சொல்லவேண்டியதைச் சரியான ஆளுக்குச் சரியாகச் சொல்லிவிட்ட நிமிர்வு. அந்த நிமிர்வோடுதான் உள்ளே போய்ச் சுமித்திராவின் கட்டிலருகே உட்கார்ந்தாள். அவளுக்கு மயக்கம் தெளிந்திருந்தது. பிள்ளையைத் தேடிப் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்றரை.

"அக்கா, இண்டைக்கு உங்கட வேலை?"

"வேலை கிடக்கட்டும். நீ கதையாத."

"கரைச்சல் தந்திட்டன் அக்கா." வெள்ளைத் துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு, தவறு செய்த பிள்ளை போல அவள் முகத்தைப் பார்த்தாள். "அஞ்சு மணி மட்டும் பொறுக்கத்தான் பாத்தனான். ஒவ்வொரு நாளும் அப்பிடித்தானே, மணிக்கூட்டைப் பாத்துப் பாத்துப் பொறுக்கிறனான். இண்டைக்கு அவர் கத்தியை எடுத்திட்டார் அக்கா. அதுதான் தட்டினனான்."

படலையில் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு வந்து நின்ற மாலைகளெல்லாம் சுதாஜினிக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றன. ஊர்பேர் தெரியாத எத்தனையோ ஆயிரம் பேரிடம் முதல் கேள்வியாகக் கேட்டதை, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவளிடம் ஒருநாள்கூட அவள் கேட்டதில்லை. தன்னை மன்னிக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

மாலை வீட்டுக்கு வந்தவள் நல்ல சேலையைக்கூட மாற்றவில்லை. பிள்ளையை அடுப்படியில் இருத்திப் பாணும் சம்பலும் கொடுத்துவிட்டு, அலவாங்கோடு வேலிக்குப் போனாள். பதினாறு தகரத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒவ்வொரு தகரமாகக் கழற்றி எறிந்த சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அறைக்குள் கணினி திறந்தபடியே கிடந்தது. ஐந்து மணி எப்போது தாண்டியது என்று அவள் பார்க்கவே இல்லை.